நாலு மணி ரெக்கார்டு

1974ஆம் ஆண்டு மார்ச் 11, திங்கட்கிழமை. துறைமுகத்துக்குப் பின்புறம் இருந்த இசைத்தட்டு ஆலையில், மாலை நான்கு மணி சுமாருக்கு, இரண்டாம் எண் கேட்பறையில் வேலையில் இருந்த தரச் சோதகர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். வயது முப்பத்து மூன்று. அவருக்கு முன்னால் ஒரு புகழ்பெற்ற ராக் பாடகனின் முப்பத்தொன்றாவது சிங்கிள் சுழன்றுகொண்டிருந்தது. பாட்டு பாதியில் இருந்தபோது உதவியாளர் உள்ளே போய் ஊசியைத் தூக்கினார். அதே வாரம் பாடகனுக்கும் கம்பெனிக்கும் வழக்கு மூண்டு, அந்தச் சிங்கிள் திரும்பப் பெறப்பட்டது. அச்சாகியிருந்த ஐந்நூறு தட்டுகளில் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது உருக்கப்பட்டன.

ஐம்பது வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தோல்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகளில் ஏறினார். லிஃப்ட் ஓடவில்லை. படிக்கட்டுச் சுவரில் பலர் கை பட்டுப் பட்டுப் பிசுக்கு ஏறியிருந்தது. அதில் உரசாமல் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு ஏறினார். இந்த மாதிரி இடங்களில் குடியிருக்கிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வேறு மாதிரி இடங்களில் குடியிருக்கிறவர்களைப் பற்றியும் கிடையாது.

அந்தப் பாடகன் வெளியிட்ட சிங்கிள்கள் மொத்தம் நாற்பத்தேழு. பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று, விரித்த கைக்குள் அடங்கிவிடுகிற சின்னக் கறுப்புத் தட்டுகள். அவற்றில் நாற்பத்தாறு கடைக்காரரிடம் இருந்தன. எல்லாம் முதல் அச்சு. முப்பது வருட வேட்டை. வீட்டில் அவற்றுக்கென்று ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரே சாவி. அந்த அறையில் இல்லாத ஒரே பொருள் ரெக்கார்டு பிளேயர்.

“கேக்கிறவன் ரசிகன். வெச்சிருக்கிறவன்தான் சேகரிப்பாளன்” என்பார். ரசிகன் என்ற சொல்லைச் சொல்லும்போது, செருப்பில் எதையோ மிதித்துவிட்டது போல முகம் சுளிக்கும். ஊசி பட்ட தட்டு அவருக்கு எச்சில். கல்யாணமான புதிதில் அவர் மனைவி, “ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டுங்களேன்” என்று கேட்டிருந்தார். சேகரிப்பாளர் சங்கத்தில் அதை முப்பது வருடமாக நகைச்சுவைத் துணுக்காகச் சொல்லி வந்தார் கடைக்காரர். பன்னிரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டிலும் மனைவிகள் இருந்தார்கள்.

சங்கத்தின் கண்காட்சி அடுத்த மாதம் இருபதாம் தேதி. சங்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவரிடம் நாற்பத்தைந்து சிங்கிள் இருந்தது. நாற்பத்தேழையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கீறல்கூட இல்லாமல் அடுக்கிவைத்து, ஊரார் வாயை எல்லாம் பிளக்கவைக்கிற அந்தப் பல் டாக்டர் தன் வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

அதற்குத் தேவையான ஒற்றைத் தட்டு போன வாரம் தானாகவே கடையைத் தேடி வந்தது. வயதான அம்மாள் ஒருவர், படிக்கிற கண்ணாடி கேட்டு வந்திருந்தார். குரல் கரகரவென்று, தேய்ந்துபோன மாதிரி இருந்தது.

“எழுத்துகூட வேணாம் தம்பி. ஊசியைச் சரியா ஓரத்துல வைக்கிற அளவுக்குக் கண் தெரிஞ்சா போதும். கை தவறி நடுவுல வெச்சிடுது. அவருக்குக் கோபம் வருது.”

“என்ன ஊசிம்மா, தையலா?”

“ரெக்கார்டு ஊசி. எங்க வீட்டுக்காரர் ரெக்கார்டு ஆலையில வேலை பார்த்தார். உக்காந்த இடத்துலயே போயிட்டார். சட்டை, டிபன் பாக்ஸ் எல்லாத்தோடயும் அந்த ரெக்கார்டையும் சேர்த்துக் குடுத்தாங்க. யாரோ தொண்டை கிழியக் கத்துவான் அதுல.”

கடைக்காரரின் கையிலிருந்த கண்ணாடிச் சட்டம் மேசை மேல் மெல்ல இறங்கியது. உருக்காமல் விட்ட அந்த ஒற்றைத் தட்டைப் பற்றிச் சங்கத்தில் பேசாத நாள் கிடையாது. “வீட்டு வெளிச்சம் எப்படின்னு பார்த்துத்தான்மா கண்ணாடி போடணும். நானே வர்றேன்” என்றார். கடை வைத்த நாளிலிருந்து அவர் ஒரு வாடிக்கையாளர் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

அம்மாள் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். அடுப்பு வாசனையல்ல, மருந்து வாசனையல்ல. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின், லேசாக உருக ஆரம்பித்த பிளாஸ்டிக்கின் நெடி. சிறிய கூடம். ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் மூடி திறந்த ரெக்கார்டு பிளேயர், அதன் மேல் ஒரு தட்டு. வீட்டில் வேறு தட்டு எதுவும் கண்ணில் படவில்லை. மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அம்மாளின் சால்வை கிடந்தது. மற்றதில் யாரும் உட்காருவதில்லை போலிருந்தது. ஆனால் அதன் மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

கடைக்காரர் தட்டைப் பார்க்கவில்லை. அது அவர் தொழிலின் முதல் விதி. எது வேண்டுமோ அதைக் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது. ஆசை தெரிந்தால் சாமானின் சொந்தக்காரர் உஷாராகிவிடுவார். முப்பது வருடத்தில் வேண்டியதை வேண்டும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அலமாரி மேலிருந்த பழைய ரேடியோவைக் காட்டினார்.

“இந்த ரேடியோவைக் குடுப்பீங்களாம்மா?”

“எடுத்துக்குங்க. அது பேசி இருவது வருஷம் ஆச்சு.” அம்மாள் மெல்ல உட்கார்ந்தார். “பிளேயர் மட்டும் எனக்கு வேணும். நாலு மணிக்குப் போடணும்.”

“தினமுமா?”

“தினமும்தான். போட்டா உக்காருவார். போடலேன்னா நடப்பார்.”

கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தைக் கவனிக்கிற மாதிரி புன்னகையை மறைத்துக்கொண்டார்.

“அவர் வேலையே கேக்கிறதுதான். நூத்துக்கு ஒண்ணு எடுத்து, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் கேப்பார். நல்லா இருந்தா கையெழுத்து. சரியில்லேன்னா ஆணியால குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்தா உருக்கத்தான் போகணும். மொதலாளியே வந்து சொன்னாலும் மாத்த மாட்டார்.” அம்மாள் குழிந்த நாற்காலியைப் பார்த்தார். “இந்த ஒண்ணை முழுசாக் கேக்க விடலை பாருங்க. எனக்கு எழுவத்தெட்டு ஆயிடுச்சு. அவருக்கு இன்னும் முப்பத்து மூணுதான்.”

டீ போடுகிறேன் என்று அவர் உள்ளே போனார். கடைக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

நாற்பது விநாடி போதும் அவருக்கு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையிலுள்ள வழவழப்பான வளையத்தில் எண் கையால் கீறப்பட்டிருந்தது. முதல் அச்சு. பிறகு நடுத்துளையைப் பார்த்தார். தட்டைப் பிளேயரில் மாட்டிக் கழற்றினால் துளையைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் விழும். ஒரே ஒருமுறை போட்டிருந்தாலும் ஒன்றாவது விழும். இதில் ஒன்றுகூட இல்லை. ஊசியே பட்டதில்லை. ஐம்பது வருடமாகத் தினமும் போடுகிறாளாம். கிழவி அளப்பதை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. மனிதர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள், தட்டு சொல்லாது என்பது அவருடைய திடமான நம்பிக்கை.

பையில் கொண்டுவந்திருந்ததை எடுத்தார். அது அதே பாட்டின் மறுபதிப்பு. வழக்கெல்லாம் தீர்ந்து ஏழு வருடம் கழித்து லட்சக்கணக்கில் அச்சடித்தது. நடுக் காகிதத்தின் நிறம்கூட ஒன்றுதான். பழைய தட்டுக் கடைகளில் அள்ளிக் கொடுப்பார்கள். கண் தெரியாத கிழவிக்கு அது போதாதா?

அம்மாள் டீயோடு வந்தபோது அவர் ரேடியோவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு ஆகப் போகுது. இருந்து பாருங்களேன்.”

“வேலை இருக்கும்மா. கண்ணாடி திங்கட்கிழமை ரெடியாயிடும்.”

ரேடியோவை எடுக்க மறந்துவிட்டார். படியில் பாதி இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை.

அன்று மாலை நாற்பத்தேழாவது தட்டு அறைக்குள் போனது. மறுநாள் வெள்ளிக்கிழமை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அவர் கடையில் தொலைபேசி ஒலித்தது. மனைவி.

“ஏங்க, உங்க ரூம்ல யாரோ நடக்கிறாங்க.”

“பூட்டின ரூம்ல எவன் நடப்பான்? பூனையா இருக்கும்.”

“பூனை ஷூ போடாதுங்க.”

இரவு சாப்பாட்டுக்கு முன் அறையைத் திறந்து பார்த்தார். எல்லாம் வைத்தபடி இருந்தன. ஆனால் முதல் சிங்கிளின் உறை அரை விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உருவினார். தட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, நடுக் காகிதத்தையும் கிழித்துக்கொண்டு, நேராக ஒரு கோடு.

ஆணியால் இழுத்த கோடு.

மனைவியை அவர் அடிக்கவில்லை. அடிக்கிற ஆள் இல்லை அவர். ஒரு மணி நேரம் பேசினார். பாத்திரம் தேய்க்கிற கையால் எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகும் என்றார். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை என்பதை மனைவி நினைவூட்டியபோது, எதிர்த்துப் பேசுகிற புத்தி மனைவி குடும்பத்துக்கே உரியது என்றார்.

சனிக்கிழமை இரண்டாவது சிங்கிள். ஞாயிற்றுக்கிழமை அவரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தார்.

நல்ல வெயில். ஜன்னல் வழியாகத் தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. நான்கு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அது நின்றது. மூடிய அறைக்குள் அந்த வாசனை எங்கிருந்தோ கசிந்தது. சூடான பிளாஸ்டிக்.

அலமாரியின் அந்தக் கோடியில் ஒரு காலடி.

மரத்தரை மேல் தோல் ஷூ. ஒன்று. நின்று, இன்னொன்று. அவசரமில்லாத நடை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவனின் நடை. அலமாரி ஓரமாகவே வந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கடைக்காரர் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. அலமாரியில் மூன்றாவது உறை மெல்ல வெளியே வருவதை நேருக்கு நேர் பார்த்தார். காகிதத்திலிருந்து தட்டு உருவப்படுகிற சத்தம் கேட்டது. எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு மூன்று நிமிடம் மௌனம், ஒரு பாட்டின் நீளத்துக்கு. யாரோ மிகக் கவனமாக எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரியான மௌனம்.

அப்புறம், கிரீச்.

உறை தன் இடத்துக்குத் திரும்பியது. அவர் வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “எலி” என்றார் மனைவியிடம்.

நாற்பத்தேழையும் பெட்டியில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோய் இரும்பு அலமாரியில் பூட்டினார். மறுநாள் நான்கு மணிக்கு லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் தானாக நின்றது. பூட்டிய இரும்புக்குள் காகிதம் உரசியது. கவுன்ட்டரில் நின்ற வாடிக்கையாளர், “என்ன சார் ஏதோ கருகுது?” என்றார். நான்காவது சிங்கிள்.

விஷயம் மைத்துனர் காதுக்குப் போனது. லிஃப்ட் மெக்கானிக், எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். அக்காவைப் பார்க்க வந்தவர் கோடு போட்ட தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மாமா, இது ரூலர் வெச்சுப் போட்ட கோடு. எலின்னா டிராயிங் படிச்ச எலியா இருக்கணும்.”

“உன் வேலையைப் பாருடா.”

“என் வேலை என்ன, எங்கே சிக்கியிருக்குன்னு பாக்கிறதுதானே. புதுசா ஒண்ணு வாங்கினப்புறம்தான் இதெல்லாம்னு அக்கா சொல்லுது. வாங்கின இடத்துலயே குடுத்திடுங்க மாமா.”

வாங்கின இடம் என்ற சொல்லைக் கேட்டு மனைவி கணவரைப் பார்த்தார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில், கணவர் எதை வாங்குவார், எதை எடுப்பார் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடவில்லை.

கடைக்காரர் கொடுக்கவில்லை. பத்தாவது கோடு விழும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கோடுகள் முதல் தட்டிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு நாளைக்கு ஒன்று. கண்காட்சிக்கு இன்னும் பதினெட்டு நாள். ஒருநாள் காலை விரல்விட்டுக் கணக்குப் பார்த்தவர், மறுத்துப் பேச யாரும் இல்லாததால் தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டு, தட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

கூடத்தில் ஒரு பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. அம்மாள் வெளியூர் போகிற புடவையில் இருந்தார். பிளேயரின் மூடி மூடியிருந்தது. அந்தக் குழிந்த மெத்தை மேலெழும்பி, புதிது போல நிமிர்ந்திருந்தது. வாசனை சுத்தமாக இல்லை.

“வாங்க தம்பி. வருவீங்கன்னு தெரியும். கொஞ்சம் லேட்டா வந்திருந்தா ரயிலுக்குப் போயிருப்பேன்.”

“இது உங்க ரெக்கார்டு. அன்னிக்குத் தெரியாம...”

“தெரிஞ்சுதான் எடுத்தீங்க.” குரலில் கோபம் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கரகரப்பே குறைந்திருந்தது. “அன்னிக்கு நாலு மணிக்கு ஊசியை வெச்சதுமே தெரிஞ்சிடுச்சு. நீங்க வெச்சிட்டுப் போன ரெக்கார்டுல வேற சத்தம். அவரும் வரலை. விடியுற வரைக்கும் உக்காந்திருந்தேன். வரவே இல்லை.”

“இதை வெச்சுக்குங்கம்மா.”

“எதுக்கு?” அம்மாள் அவரை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். பழுதான சாமானைப் பார்க்கிற பார்வை. “அம்பது வருஷம் நாலு மணிக்கு வீட்டை விட்டு வெளியே போனதில்லை நான். தங்கச்சி கல்யாணத்துக்குப் போகலை. அவ சாவுக்கும் போகலை. இப்ப அவ பொண்ணு வீட்டுக்குப் போறேன். இது வேணும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எப்படி வெச்சுக்கணும்னு சொல்லி சும்மாவே குடுத்திருப்பேன். ரேடியோ வேணும்னீங்க.”

“உடைச்சுட்டா?”

“அப்புறம் எங்கே உக்காருவார்?”

கடைக்காரர் நிமிர்ந்திருந்த மெத்தையைப் பார்த்தார்.

“ஒண்ணும் கஷ்டமில்லை தம்பி. நாலு மணிக்குப் போடுங்க. எதிரே இன்னொரு நாற்காலி போடுங்க. கடைசி வரைக்கும் ஓடட்டும். நடுவுல மட்டும் தூக்கிடாதீங்க.”

“ஊசி பட்டா தேஞ்சிடும்மா. இது ஒருதடவைகூடப் போடாதது. நான் பார்த்தேன்.”

அம்மாள் சிரித்தார். அவர் வீட்டில் ஐம்பது வருடம் கழித்துச் சிரித்த சிரிப்பாக இருக்க வேண்டும், சரியாக வரவில்லை. “நீங்க பார்த்தீங்க” என்று மட்டும் சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

பத்து, பதினைந்து, இருபது. கோடுகள் நிற்கவில்லை. ஊசி பட்டதில்லை என்று தன் கண் சொன்னதைத் தன்னால் தள்ள முடியாது என்று கடைக்காரர் இருந்தார். தன் கண்ணா, குரல் தேய்ந்த ஒரு கிழவியா என்றால் எதை நம்புவார்? தினமும் ஊசி பட்டும் தேயாத தட்டு என்று ஒன்று இருந்தால், முப்பது வருடமாக அவர் பூதக்கண்ணாடியில் பார்த்ததற்கு என்ன அர்த்தம்? நாற்பத்தாறில் இருபத்தைந்து குப்பையான பிறகு, கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மைத்துனரைக் கூப்பிட்டு ஒரு ரெக்கார்டு பிளேயர் கொண்டுவரச் சொன்னார். இருபத்தொரு தட்டாவது மிஞ்சட்டும் என்று.

மைத்துனர் இரவல் வாங்கிய பிளேயரைத் தோளில் சுமந்துவந்து இறக்கினார். “முப்பது வருஷம் கழிச்சு அக்காவுக்குப் பாட்டு போடப் போறாரு. நானும் இருக்கலாமா மாமா?”

“வேலை இருந்தா கிளம்பு.”

மைத்துனர் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். மனைவி சமையலறையில் இருந்தார். அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது; கூடத்தைத் தாண்டிப் பார்த்தால் பிளேயரும் இரண்டு நாற்காலியும் தெரியும். கையுறை போட்ட விரல்களால் கடைக்காரர் தட்டை வைப்பதை அவர் பார்த்தார். பிறந்த குழந்தையைக்கூட அப்படி யாரும் வைத்து அவர் பார்த்ததில்லை.

நான்கு மணி.

ஊசி இறங்கியது. முதலில் மழைத்தூறல் மாதிரி ஒரு இரைச்சல். பிறகு முரசு. பிறகு கிதார், அதைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரல்.

கடைக்காரர் அந்தப் பாடகனின் குரலை முழுக் கவனத்துடன் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுருங்கியது. இதற்குத்தானா? குடிகாரன் தெருவில் கத்துவது போலல்லவா இருக்கிறது? இந்தக் கூச்சலுக்கா முப்பது வருடம்?

காலடி கேட்டது. கூடம் வழியாக வந்தது. மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முன்னால் யாரும் கடந்து போகவில்லை. உருகும் பிளாஸ்டிக்கின் வெப்பம் மட்டும் முகத்தைத் தடவிக்கொண்டு போனது. அறைக்குள் எதிர் நாற்காலி கிரீச்சிட்டது. அதன் மெத்தை நடுவில் மெல்ல அமுங்கியது.

வந்து உட்கார்ந்தாயிற்று.

அம்மாள் சொன்னது அப்படியே நடந்தது. கடைக்காரர் சும்மா இருந்திருந்தால் போதும். இன்னும் ஒன்றரை நிமிடம். ஆனால் அவர் கண் எதிர் நாற்காலியில் இல்லை. ஊசியின் முனையில் இருந்தது. அங்கே, கறுப்பு வரிகளுக்கு மேல், தலைமுடி அளவில் ஒரு தூசி ஊசியோடு சேர்ந்து உருண்டுகொண்டிருந்தது. தூசி வரியை அறுக்கும். முதல் அச்சு. உலகில் ஒரே ஒன்று.

கை தானாக நீண்டது. முப்பது வருடப் பழக்கம். பாட்டின் நடுவில் அவர் ஊசியைத் தூக்கினார்.

மௌனம்.

சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது.

எதிர் நாற்காலியின் மெத்தை மேலே எழும்பியது.

“இல்ல சார்” என்று கணவர் மிக மெல்லச் சொல்வதை மனைவி கேட்டார். தன் கணவர் யாரையும் சார் என்று கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. “இல்ல சார், தூசி...”

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அதன்பிறகு ஒரே ஒரு சத்தம். நீளமாக, நிதானமாக, கை நடுங்காமல் இழுத்தது.

கிரீச்.

மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார். சட்டையைக் கழற்றியபோது, இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை ஸ்கேல் பிடித்தது போல ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இருந்தது. நாற்காலிக் கைப்பிடி உரசியிருக்கும் என்றார். சட்டையில் கிழிசல் இல்லை. கண்காட்சி இருபதாம் தேதி நடந்தது. நாற்பத்தைந்து சிங்கிள்களுக்காகப் பல் டாக்டருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மறைந்த உறுப்பினருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள்.

அந்தத் தட்டில் கோடு இல்லை. அதற்குப் பிறகு வேறு எந்தத் தட்டிலும் புதிதாகக் கோடு விழவில்லை. இரவல் பிளேயரைத் திரும்ப எடுத்துப்போக மைத்துனர் வந்தபோது, அக்கா கொடுக்க மாட்டேன் என்றார்.

“பாட்டு நல்லாத்தான்டா இருக்கு” என்றார். “உங்க மாமாவுக்குத்தான் தெரியலை.”

“பயமா இல்லையாக்கா?”

“அவரா? பாவம், அவர் வந்து ஒழுங்கா உக்காந்துடுறார். முடிஞ்சதும் போயிடுறார்.” அக்கா அறைக் கதவைப் பார்த்தார். “இன்னொருத்தர்தான் உக்கார மாட்டேங்கிறார். பாட்டு முடியுற வரைக்கும் அலமாரிப் பக்கம் நடந்துட்டே இருக்கார்.”

மைத்துனர் மகளின் கல்யாண வரவேற்பு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு நடந்தது. அத்தைக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். அவர் வரவில்லை.